யாரும் உட்காராத வரிசை

எங்கள் சட்டக் கல்லூரியில் வருடா வருடம் ஒரு விழா நடக்கும். தொழிலில் பெயர் எடுத்து, ஊருக்கும் நாலு நல்லது செய்த பழைய மாணவர்களை மேடையேற்றிக் கேடயம் கொடுப்போம். கொடுப்போம் என்று சொல்கிறேனே தவிர, கொடுப்பது சங்கத் தலைவர். நாற்காலி போடுவது, மைக்செட்காரரைத் தேடிப் பிடிப்பது, டீ ஆறிப்போகாமல் பார்ப்பது எல்லாம் நான். சட்டம் படித்துவிட்டு ஒரு வழக்கில்கூட நிற்காமல், அதே கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து தலை நரைத்தவள். அதில் எனக்கு வருத்தமில்லை. என் வாய்க்கு நீதிபதிகள் தப்பித்தார்கள்.

இந்த வருடம் கேடயம் வாங்கியவர்களில் ஒருத்தி என் வகுப்புத் தோழி. படிக்கும்போது அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். இப்போது எல்லோருக்கும் வக்கீலம்மா. குடும்ப வழக்குகள்தான் பார்க்கிறாள். வீட்டில் அடி வாங்குகிறவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவர்கள், இவர்கள்தான் அவளிடம் வருவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். இரண்டு அறை வீடு. காலையில் கிளம்பும்போது ரேடியோவை அணைக்க மாட்டாள். "ஏண்டி கரண்டை வீணாக்கறே?" என்று ஒருநாள் கேட்டேன். "திரும்பி வந்து கதவைத் திறக்கறப்போ உள்ள ஒரு குரல் கேக்கணும்டி" என்றாள்.

அவள் அலுவலகத்துக்குக் கடைத்தெருவில் பெயர்ப்பலகையோடு ஒரு வாசல் உண்டு. ஆனால் பெண்கள் அந்த வழியாக வரமாட்டார்கள். பக்கத்தில் ஒரு தையல் கடை இருந்தது. அளவெடுக்கிற திரைக்குப் பின்னால் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் இவள் மேஜை. துணி தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். இவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் அந்தத் தையல்காரம்மா வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பை ஒன்று கொடுப்பாள், பச்சைக் கைப்பிடி வைத்தது. சந்தேகப்பட்டுப் பின்னாலேயே வந்த புருஷன்மார்கள் கடை வாசலில் நின்று, "ஒரு அளவெடுக்க இவ்வளவு நேரமா?" என்று அலுத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். தையல்காரம்மா போன மாதம் கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டாள். அதனால்தான் இதையெல்லாம் இங்கே சொல்கிறேன். இப்போது பெண்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று கேட்டால் தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன்.

வருகிற ஒவ்வொருத்தியிடமும் அவள் முதலில் சொல்வது சட்டம் இல்லை. "வெளியில என்னை உனக்குத் தெரியாது. எதிர்ல வந்தாலும் சிரிக்காத, பேசாமப் போயிடு." தொழில் தொடங்கிய புதிதில், ஒரு சின்னப்பெண் காய்கறிக் கடையில் இவளைப் பார்த்த சந்தோஷத்தில், "வக்கீலம்மா, நீங்க சொன்னபடியே செஞ்சிட்டேன்" என்று கூவிவிட்டாள். பக்கத்தில் அவள் நாத்தனார் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே அவள் பிள்ளையைப் புகுந்த வீட்டார் எங்கோ கொண்டுபோய் மறைத்துவிட்டார்கள். மீட்பதற்குள் அந்தப் பிள்ளைக்கு அம்மா முகமே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு வைத்த விதி இது.

அவளிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் அதே வீட்டில் இருந்துகொண்டு, வெளியேற நேரம் பார்க்கிறவர்கள். மீதிப் பேர் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டவர்கள், புது வீட்டில் பழைய கதை தெரியாது. ஆகவே விதிக்கு விலக்கே கிடையாது. அவளோடு கடைத்தெருவில் நடந்தால் எதிரே வரும் பெண்கள் சட்டென்று ஏதாவது ஒரு கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். "உன்னைக் கண்டா ஊரே ஓடுதேடி" என்று கிண்டல் செய்வேன். "ஓடட்டும், நல்லாருக்காங்கன்னு அர்த்தம்" என்பாள். சொல்லிவிட்டு நடையை வேகமாக்குவாள்.

இப்போது நம் தலைவருக்கு வருகிறேன். மனிதர் சும்மா இருந்தால்தானே! விழாவுக்கு முந்தின வாரம் ஒரு யோசனையோடு வந்தார். கேடயம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை நாற்காலி, முன்னால் அவர் பெயரைப் போட்டு, 'இவரால் பயனடைந்தோர்' என்று அட்டை. எனக்கு வந்ததே கோபம்!

"சார், அந்தம்மாவுக்கு மட்டும் வேணாம். அவங்ககிட்ட வந்தவங்க வெளியில தலைகாட்ட முடியாது."

"மத்தவங்களுக்கெல்லாம் இருந்து அவங்களுக்கு மட்டும் இல்லைன்னா மரியாதையா இருக்குமா மேடம்? வருவாங்க, நீங்க போடுங்க."

சுவரோடு பேசியிருக்கலாம். வேறு வழியில்லாமல் அவளிடமே போய்ச் சொன்னேன், போன் போட்டு மனிதரை நாலு கேள்வி கேட்பாள் என்று நம்பி. அவளோ பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு, "ஒரு நாற்காலியாவது நிறையுமாடி?" என்று கேட்டாள்.

"நீதானே வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கே?"

"ஆமா, வரக்கூடாது. வந்தா திட்டுவேன்." பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "ஆனா யாராவது ஒருத்தி வந்து உக்காந்தா, இத்தனை வருஷம் நான் தனியா இல்லைன்னு தோணும்" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊமைக்கோட்டான் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

விழா நாள். யார் எந்த வரிசையில் இருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன், தேடிப் பார்க்காதீர்கள். நீதிபதியாகி ஓய்வு பெற்றவரின் வரிசை நிரம்பி வழிந்தது. பெரிய கம்பெனி வக்கீலின் வரிசையில் மகன், மருமகள், மனைவி, சம்பந்தி வீட்டார் என்று ஒரு படையே இருந்தது. அவள் வரிசையில் அட்டை மட்டும் நின்றது. நானாவது போய் உட்காரலாம் என்று பார்த்தேன். 'உனக்கு நான் என்னடி செஞ்சேன்?' என்று மேடையிலிருந்தே முறைப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், அந்த வரிசையைப் பார்த்தாள், மறுபடி கழற்றினாள்.

அப்போதுதான் கடைசி வரிசை ஓரத்தில் ஒரு பெண்ணின் மடியில் அந்தப் பையைப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட துணி, பச்சைக் கைப்பிடி. அரங்கம் முழுக்கக் கண்ணை ஓட்டினேன். தூணுக்குப் பக்கத்தில் ஒன்று. மாணவிகளுக்கு நடுவில் ஒன்று. டீ கொடுக்க வந்தவளின் தோளில் ஒன்று. நீதிபதியின் வரிசைக்குப் பின்னால், அடுத்தடுத்து இருந்தும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரின் மடியில் இரண்டு. பையை மட்டும் அவள் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு எல்லோரும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிப்பாவிகளா, வந்துவிட்டீர்களா! மேடையைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள். கண்ணாடி துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

அவள் கேடயத்தை வாங்கும்போது தலைவர் மைக்கைப் பிடித்தார். காலி வரிசை அவர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். "கூச்சப்படாதீங்க! வக்கீலம்மாவால பயனடைஞ்சவங்க யார் இருந்தாலும் எழுந்து நில்லுங்க, ஒரு கைதட்டல் கொடுப்போம்!"

கம்பெனி வக்கீலின் வரிசையில் அவருடைய மருமகள் நாற்காலிப் பிடியை அழுத்தி மெல்ல எழப் பார்த்தாள். அவள் காலடியிலும் அந்தப் பை. ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் மாமியார். மாமியார் திரும்பி, "எங்கம்மா எந்திரிக்கறே?" என்று கேட்டாள்.

வக்கீலம்மா தலைவர் கையிலிருந்து மைக்கைப் பறித்தாள். "யாரும் நிக்க வேணாம், உக்காருங்க. எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இங்க இல்லை. எனக்குன்னு யாரும் வரலை."

மருமகள் உட்கார்ந்தாள். "தண்ணி எடுக்கலாம்னு பாத்தேன் அத்தை" என்று அவள் சொன்னது வாசல்வரை கேட்டது. அரங்கம் உச்சுக்கொட்டியது. முன்வரிசையில் ஒருவர், "பாவம், இத்தனை வருஷம் உழைச்சு என்ன லாபம்" என்றார். அவருக்கு டீ கிடையாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது அவள் வாசலில் என் பக்கத்தில் நின்றாள். பைகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போயின. யாரும் நிற்கவில்லை, சிரிக்கவில்லை. அவள் கேடயத்தில் இருந்த தன் பெயரைப் படித்துக்கொண்டே இருந்தாள், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளைப் போல.

அவளை வீட்டில் விட என் வண்டியில் கூட்டிப்போனேன். பாதி வழியில், "பாத்தியாடி?" என்றாள்.

"பாத்தேன்."

"இல்லை. நீ எதையும் பாக்கலை."

"சரி தாயே, நான் குருடி. போதுமா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கதவைத் திறந்ததும் உள்ளே ரேடியோ யாருக்கோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. கேடயத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். போன் அடித்தது. தம்பி. விழாப் படம் அதற்குள் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, மேடையும் முன்னால் காலி நாற்காலிகளும். அவன் குரல் எனக்கே கேட்டது.

"என்னக்கா, உன் வரிசையில ஒருத்தர்கூட இல்லையே? யாருமே வரலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். கூடப் பிறந்தவன், கடல் தாண்டி இருக்கிறான், அவனிடம் சொன்னால் என்ன கெட்டுவிடும்? சொல்லேன்டி என்று நான் கையால் காட்டினேன்.

"இல்லைடா" என்றாள். "யாரும் வரலை."