அண்ணன் முணுமுணுத்தது

எங்கள் வீட்டு ரேப் ரெக்கோடரில் ஒரு பொத்தான் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. பாட்டை நிறுத்தும் பொத்தான். அதைத் தேய்த்தது அப்பாவின் பெருவிரல். சனிக்கிழமைகளில் துறைமுக அலுவலகத்தில் அவருக்கு அரை நாள்தான் வேலை. மதியம் சைக்கிளில் லிங்கநகருக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, முன் அறையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அந்தக் கிழமை ஏழு நாளும் வீட்டுக்குள் வந்த கசெற் எதுவானாலும் அவர் முன்னால் வைக்கப்பட வேண்டும். அண்ணாவும் நானும் பாயில் இருப்போம். பாட்டு ஓடத் தொடங்கும். இரண்டு வரி போனதும் பெருவிரல் அழுத்தும்.

"இப்ப இதில ஆர் ஆரைக் கும்பிடுகினம்?" என்று கேட்பார்.

காதலன் காதலியைத் தெய்வமே என்று அழைத்திருப்பான். தலையைக் குனிந்தபடி அதைச் சொல்வோம். அடுத்த கேள்வி வரும். "இதைக் கேட்டு முடிய உங்களுக்கு என்ன செய்ய மனம் வருது?" இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒருநாளும் உண்மையைச் சொன்னதில்லை. எழும்பி ஆட வேண்டும் போலிருக்கிறது என்று எந்தப் பிள்ளை தேவாலய மூப்பரான தகப்பனிடம் சொல்லும்? "ஒண்டும் வரேல்ல அப்பா" என்போம். அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பார். ஒன்றும் வரவில்லை என்பதை அவர் நம்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் பொய் சொல்கிறோம் என்பது அவருக்கும் தெரியும்.

அப்பா கொடுமைக்காரர் அல்லர். துறைமுகத்தில் எழுதுவினைஞர். கப்பலில் வந்து இறங்கிய பொருளும் கடதாசியில் எழுதியிருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவருடைய தொழில். இருபது வருடமாகப் பெட்டிகளின் வெளியே ஒட்டியிருந்ததை நம்பாமலே சம்பாதித்தவர், வீட்டுக்கு வந்ததும் நம்பத் தொடங்குவாரா? சினிமாப் பாட்டை மட்டும் அல்ல, இந்தியாவிலிருந்து மாமா அனுப்பிய கிறிஸ்தவப் பாட்டுக் கசெற்றையும் பாதியில் நிறுத்தினார். "பேர் ஆண்டவற்ற பேர்தான். ஆனா அடிக்கிற அடியைப் பார், ஆட்டத்துக்கு அடிக்கிற அடி" என்றார். அண்ணாவுக்கு அப்போது பதினேழு வயது. தேவாலயத்தில் ஹார்மோனியம் வாசிப்பவன். அவன் மெல்லச் சொன்னான்: "கரோலுக்கு நீங்கள்தானே அப்பா டோல்கி அடிக்கிறனீங்கள்." அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். "அது வேற" என்றார். அடுத்த கிறிஸ்மஸுக்கு அவர் டோல்கியைத் தொடவில்லை.

அம்மா இந்தச் சனிக்கிழமை விசாரணைகளில் கலந்துகொள்வதில்லை. குசினியில் சமைத்தபடி ஒருமுறை சொன்னார்: "இஞ்சருங்கோ, நீங்கள் பாட்டைக் கேக்கிறியள். பிள்ளையளைக் கேளுங்கோ." எங்களிடம்தானே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார், இதைவிட என்ன கேட்பது என்று நான் அப்போது நினைத்தேன்.

போர் எங்கள் பக்கம் இறுகியபோது அப்பாவின் சந்தேகத்துக்கு ஊரே துணையாகிவிட்டது. எல்லோரும் எல்லோரையும் கவனித்தார்கள். சந்திக்குச் சந்தி காவலரண். புத்தகப் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். சில விடியற்காலைகளில் ஆமிக்காரர் தெருவைச் சுற்றி வளைத்து ஆண்களை மைதானத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் முன்னால் நிற்பவன் திரும்பி வர மாட்டான். சாக்குக்குள் இருந்தவன் எங்கள் தெருக்காரனாகவும் இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். பின்வீட்டுப் பெடியனைப் பிடித்தது அவனுடைய சட்டைப் பையில் இருந்த ஒரு துண்டுக் கடதாசிக்காக. அதில் ஏதோ பாட்டு எழுதியிருந்ததாம். என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாரும் துணியவில்லை.

அந்த நாட்களில்தான் நான் அந்தக் கசெற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்குப் பதினாலு வயது. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வரும் என் சிநேகிதி, புதுப் படப் பாட்டு என்று சொல்லித் தந்தாள். மேலே ஒட்டியிருந்த தாளிலும் அப்படித்தான் இருந்தது. அப்பா வேலைக்கும் அம்மா கடைக்கும் போயிருந்த ஒரு பின்னேரம், சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேட்டேன். முதல் பக்கம் காதல் பாட்டுகள். இரண்டாம் பக்கத்தில் இரண்டு பாட்டு முடிந்தபின் கரகரவென்று ஓர் இரைச்சல். பிறகு பறையும் பெண் குரல்களும் எழுந்தன. மண்ணைப் பற்றி, திரும்பி வராத அண்ணன்மாரைப் பற்றி, காட்டில் விளக்கில்லாமல் நடப்பதைப் பற்றி அந்தப் பெண்கள் பாடினார்கள். இயக்கப் பாட்டு, ஆமியோடு சண்டை பிடிப்பவர்களின் பாட்டு என்பது உடனே விளங்கியது. நிறுத்தியிருக்க வேண்டும். நான் திருப்பிச் சுற்றி மூன்று தரம் கேட்டேன். கேட்டு முடிய என்ன செய்ய மனம் வருகிறது என்ற அப்பாவின் கேள்விக்கு அன்றைக்குத்தான் என்னிடம் முதன்முதலாக உண்மையான பதில் இருந்தது. அந்தப் பெண்களோடு எழும்பிப் போக மனம் வந்தது; அது என்னைப் பயமுறுத்தியது. கசெற்றை அண்ணாவின் அலுமாரித் தட்டில், அவனுடைய பழைய கொப்பிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று நாலு நாள் போனது.

அந்தச் சனிக்கிழமை பக்கத்துத் தெருவைச் சுற்றி வளைத்திருந்தார்கள். அடுத்தது எங்கள் தெரு என்ற கதை வந்தது. அப்பா வேலையிலிருந்து வந்ததும் சாப்பிடவில்லை. வீட்டிலிருந்த ஒவ்வொரு தட்டையும் இலாச்சியையும் தானே கிளறிப் பார்த்தார். கசெற் அகப்பட்டது. வழக்கம்போலக் கதிரையில் உட்கார்ந்து அதைப் போட்டார். முதல் பக்கம் முடிந்தது. திருப்பினார். இரைச்சல் வந்து, பறை எழுந்ததும் பெருவிரல் பொத்தானுக்குப் போகவில்லை. எழும்பி யன்னல்களைச் சாத்தினார். அதன் பிறகே நிறுத்தினார்.

"இது ஆற்ற?"

அவருடைய குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. அண்ணா என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்து, "என்ர" என்றான்.

"ஆர் தந்தது?"

"ரியூசன்ல ஒரு பெடியன்."

"அவங்களோட உனக்கு என்ன தொடுப்பு?"

"ஒண்டும் இல்லை அப்பா."

"உள்ளுக்குள்ள ஒண்டு, வெளியில ஒண்டு. கசெற்றும் அப்பிடி, நீயும் அப்பிடி" என்றார் அப்பா. நாடாவை விரலால் இழுத்து இழுத்து வெளியே எடுத்தார். அம்மா அதை அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் போட்டார். கருகும் பிளாஸ்டிக் மணம் தெருவரைக்கும் போய்விடும் என்று பயந்து, பக்கத்து அடுப்பில் கருவாடு பொரித்தார். வாசலால் இரண்டு ஆமிக்காரர் நடந்து போனார்கள். ஒருவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரித்தான். நாங்கள் நால்வரும் மூச்சு விடாமல் நின்றோம். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதான் எனக்குக் கண்ணும் காதும்" என்றார். "அண்ணா ஆரோட கதைக்கிறான், என்ன முணுமுணுக்கிறான் எண்டு பார்த்துச் சொல்லு. அவனுக்குத் தெரியக் கூடாது." நான் ஓம் என்றேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இத்தனை வருடமாகியும் எனக்கு விளங்காதது. கசெற் என்னுடையது என்று எனக்குத் தெரியும். அண்ணா எனக்காகப் பழியை ஏற்றான் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அவனைக் கவனிக்கத் தொடங்கிய இரண்டாவது கிழமையில் நானே அவனைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். நான் அறைக்குள் போனால் கொப்பியை ஏன் மூடுகிறான்? சந்தியில் தாடி வைத்த ஒருவனோடு சைக்கிளை நிறுத்தி அவ்வளவு நேரம் என்ன கதை? பிரார்த்தனை முடிந்ததும் யாரிடம் ஓடுகிறான்? பார்க்கச் சொன்ன கண்ணுக்கு எல்லாமே ஏதோ ஒன்றை மறைப்பதாகத் தெரிந்தது. அப்பா பின்னேரம் வந்து சேட்டைக் கழற்றும்போது நான் கதவடியில் போய் நிற்பேன். அவர் புருவத்தை உயர்த்துவார். சில நாள் சொல்ல ஏதாவது இருக்கும், சில நாள் இருக்காது. இல்லாத நாளில் அவருடைய முகம் விழுந்துபோவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அவருக்கு நான் அவ்வளவு வேண்டியவளாக இருந்தது அந்த ஒரு மாதம்தான்.

ஒரு பின்னேரம் அண்ணா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். வாய் ஏதோ முணுமுணுத்தது. நான் கிணற்றடியில் இருந்தேன். அன்று சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. அப்பா வந்ததும் போய்ச் சொன்னேன்.

"அண்ணா அந்தப் பாட்டைப் பாடினவன்."

அப்பா கட்டிலில் இருந்துவிட்டார். கையில் சேட்டு அப்படியே இருந்தது. "வடிவாக் கேட்டனியோ?" என்றார். "ஓம் அப்பா" என்றேன்.

நாலாம் நாள் அண்ணாவைக் கொழும்புக்கு, மாமி வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாகியது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. ஹார்மோனியத்தை யார் வாசிப்பது என்று போதகர் கேட்டு வந்தார். அப்பா அவருக்கும் காரணம் சொல்லவில்லை. அண்ணா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது என் தலையில் கையை வைத்து, அப்பாவுக்குக் கேட்காமல் சொன்னான்: "இனிப் பாத்திரம் கழுவேக்க வாயை மூடிக்கொண்டு கழுவு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கசெற் ஒளிந்திருந்த அந்த நாலு நாளும் குசினியில் அந்த மெட்டை முணுமுணுத்தது நான். எனக்கே தெரியாமல் முணுமுணுத்திருக்கிறேன்; அண்ணாவுக்குக் கேட்டிருக்கிறது.

அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போனார். கந்தளாய் தாண்டும் வரை மூன்று இடத்தில் இறக்கி ஏற்றினார்களாம். வழி முழுக்க இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லையாம். இதைப் பிற்பாடு அண்ணாதான் சொன்னான்.

பஸ் போன பிறகு நான் குசினிக்குள் போய் அழுதேன். அம்மா மாவைக் குழைத்துக்கொண்டே சொன்னார்: "அது உன்ர கசெற் எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை."

"பின்ன ஏன் அம்மா சொல்லேல்ல?"

"இந்தத் தெருவில மீசை முளைச்ச பிள்ளையளில எத்தினை பேர் மிச்சம்? அவன் தப்பிப் போறதுக்கு ஒரு சாட்டுக் கிடைச்சுது. இருக்கட்டும் எண்டு விட்டனான்." மாவை மூடி வைத்துவிட்டு, "நான் செய்தது சரியோ எண்டு எனக்கும் தெரியாது" என்றார். அம்மா அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதத்தில் எங்கள் தெருவிலிருந்து கொண்டுபோன ஐந்து பெடியன்களில் மூவர் திரும்பவில்லை. அந்த வகையில் அண்ணா தப்பினான். கொழும்பில் அடையாள அட்டையில் இருந்த ஊர்ப் பெயருக்காகவே அவனைப் பிடித்து மூன்று கிழமை வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் நாட்டைவிட்டுப் போனான். அம்மா இறந்தபோது வர ஏலவில்லை. போன இடத்தில் தேவாலயத்துக்குப் போகிறான், கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். ஹார்மோனியத்தை அதன் பிறகு தொட்டதேயில்லை என்று அண்ணி சொன்னார்.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, அப்பா என் வீட்டோடு வந்து இருந்த காலத்தில்தான் நான் உண்மையைச் சொன்னேன். சொல்லவைத்தது என் மகள். அவளுக்கும் பதினாலு. காதில் எதையோ மாட்டிக்கொண்டு, உதடு அசைய, எங்களுக்குக் கேட்காத ஒன்றோடு வீடெல்லாம் திரிவாள். அன்று பின்னேரம் அவள் இல்லாத நேரத்தில் அவளுடைய போனை எடுத்து, பாட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிமிர்ந்தபோது அப்பா கதவடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிக்கவில்லை. எனக்கு முகம் எரிந்தது. போனை வைத்துவிட்டு, அவரைக் கதிரையில் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். சிநேகிதி தந்ததை, ஒளித்ததை, அண்ணா ஏற்றதை, ஒவ்வொரு பின்னேரமும் அவரிடம் கொண்டுவந்து கொடுத்த கதைகளை.

அப்பா நடுவில் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. முடிந்தபின் நெடுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அண்டைக்குச் சைக்கிளடியில அவன் உண்மையில என்ன பாடினவன்?"

"தெரியாது அப்பா. நான் காது குடுத்துக் கேக்கேல்ல."

"ம்" என்றார். "நானும்தான், பிள்ளை. ஒருநாளும் கேக்கேல்ல."

அண்ணாவுக்குப் போன் எடுக்கச் சொன்னார். அங்கே காலை; வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். அப்பாவின் குரலைக் கேட்டதும் பதறிவிட்டான். அவர் ஒன்றையும் விடாமல் சொல்லி, தன்னை மன்னிக்கும்படி கேட்டார். மறுமுனையிலிருந்து அண்ணாவின் சிரிப்புப் போல ஏதோ வந்தது. "அதையெல்லாம் இப்ப ஏனப்பா? வேற என்ன, சொல்லுங்கோ."

"எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை, தம்பி" என்றார் அப்பா. "நீ கதை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அண்ணா அன்று வேலைக்குப் பிந்தித்தான் போனான்.