டொறீன் செலுத்திய நேர்த்தி

பலாபத்வலயில் டொறீன் வாயைத் திறந்தால் தோட்டத்துக் கங்காணியே பாதை மாறிப் போவார். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி, புருஷன் கபிரியேல் பேரைச் சொன்னால் மட்டும் அடங்கிப்போவாள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறியோடு கிளிநொச்சிக்குப் போனவன், 2006இல் சண்டை மூண்டு பாதை மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டான். உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அவள் மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டியது, கட்டியும் கரைந்தது. "நான் செத்துட்டா அந்த மனுஷன் யாருகிட்டத் திரும்பி வருவாரு?" என்று அத்தனையும் தாங்கினாள். சுகமானால் வைப்பதாக நேர்ந்திருந்தபடியே, வெள்ளியில் மார்பு உருவம் செய்து மாதாவுக்கு வைத்து நேர்த்தியைச் செலுத்தினாள். அதோடு கிளினிக்குக்கும் முழுக்குப் போட்டாள். நேர்த்தி செலுத்திய பிறகும் டொக்டரிடம் காட்டினால் மாதாவைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம்! இந்தப் பிடிவாதத்தை எங்கே போய்ச் சொல்வது?

2009இல், சண்டை ஓய்ந்த நேரம், கட்டி திரும்பி வந்தது.

"ஏன் டொக்டர் திரும்பி வந்திச்சு?" என்று கண்டி கிளினிக்கில் டொக்டர் மஸீஹாவிடம் கேட்டாள்.

"அந்த ஊசி வேகமாப் பெருகுற கலங்களைத்தான் கூடுதலாக் கொல்லும் அக்கா. மூலக் கலம்னு கொஞ்சம் இருக்கு. அது பெருகாமத் தூங்கிக் கிடந்து தப்பிச்சிடும். அதுலருந்துதான் மறுபடி முளைக்குது."

"நோய் வராமத் தடுக்க நம்ம ரத்தத்துல காவல் இருக்குன்னாங்களே?"

"இருக்கு. ஆனா 'நானும் ஒங்க ஆளுதான்'னு அடையாளம் காட்டி அந்தக் கலம் காவலை ஏமாத்திடும். காவலுக்கு வந்ததுல சிலதை வளைச்சு, தனக்கே காவல் வச்சிக்கும். இன்னும் ஆராய்ஞ்சிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"அடப்பாவி! நம்மள மட்டும் ஆமிக்காரனுங்க பஸ்ஸ நிறுத்தி நிறுத்தி ஐடென்டி கேக்குறானுங்க!"

மஸீஹா சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை ஊசி தொடங்கணும். பிந்தாதீங்க."

அந்த வாரமே சேதி வந்தது: சண்டையிலிருந்து தப்பி வந்தவர்களை அடைத்துவைத்திருக்கும் வவுனியா முகாமில் கபிரியேல் இருக்கிறான். திங்கட்கிழமை டொறீன் கண்டிக்குப் போகவில்லை, வவுனியா பஸ்ஸில் ஏறினாள். அந்த முகத்தை ஒருதடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் எலும்பும் தோலுமாக நின்றான். கம்பி வழியே விரல்களைத்தான் தொட முடிந்தது.

"ஒடம்பு எப்பிடி டொறீன்?"

"எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

"எப்ப விடுவாங்கன்னு தெரியல. விட்டதும் வந்துருவேன். நீ இருப்பதானே?"

அவள் தலையாட்டினாள். திரும்பும் பஸ்ஸில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பலாபத்வலயில் இறங்காமல் நேரே கண்டிக்குப் போய், மஸீஹாவின் முன்னால் கையை நீட்டினாள்.

"ஒருக்கா பாத்தாப் போதும்னுதான் போனேன் டொக்டர். போதல. ஊசியப் போடுங்க."