பின்னட்டைக்காரன் பட்ட பாடு

புத்தகம் எழுதியவர் எழுதி முடித்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அதன் பின்னட்டையில் நாலு வரி எழுதுகிறவனுக்குத்தான் தூக்கம் போய்விடும். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு அந்த வேலை. வார்த்தையால் சரக்கு விற்றுப் பிழைக்கும் அன்பர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

அறிஞர் போற்றும் நாவல்

தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலம்; கிடைக்காவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பத்தின் கதையை நாவலாகப் போட்டோம். "இது தேங்கிச்சுன்னா நீ வேற வேலை பாத்துக்க" என்றார் முதலாளி. பதறிப்போய், 'ஒப்பற்ற கற்பனை, உயர்ந்த நடை, அறிஞர் போற்றுவது' என்று அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் பரப்பினால், கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் பின்னட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அறிஞருங்க போற்றுறாங்கன்னா அவங்களே வாங்கிக்கட்டும் தம்பி. எங்க லயத்து ஆளு யாராச்சும் உள்ள இருக்காங்களா?" என்றார்.

முழுக் கதையும்

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். வாங்குவதற்கு முன் பின்னட்டைக்கும் அதே மரியாதைதான். அதனால் நாவலில் வரும் லயத்து முத்தம்மாவையும் அவள் புருஷனையும் பின்னட்டைக்கே கொண்டுவந்தேன். துண்டுச் சீட்டு அடித்துப் பழையதன்மேல் ஒட்டினேன். ஆர்வக் கோளாறில் முடிவையும் எழுதித் தொலைத்தேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் தன் கூட்டத்துக்கு அதை அழகாகப் படித்துக் காட்டிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். "கதைதான் வெளியவே முடிஞ்சு போச்சேண்ணே, இனி உள்ள என்னா இருக்கு?"

முதலாளி விற்காத பிரதிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கேள்வி

மூன்றாவது தடவை சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி ஒட்டினேன். 'முத்தம்மா மனுப் போட்டாள். பதில் வருமா? இங்கேயே இருப்பாளா, கப்பல் ஏறுவாளா? உள்ளே பாருங்கள்.' இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தனை பிரதியும் போய்விட்டது. என் வேலை தப்பியது.

அடுத்த வாரம் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் அச்சகத்துக்கே வந்தாள். ஒரு கையில் நாவல், மறு கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன மனுவின் நகல். என் வீட்டு மனுவுக்கும் அதுவரை பதில் வந்திருக்கவில்லை. அவள் நாவலை என் மேசைமேல் வைத்தாள். "நாங்க மனுப் போட்டு நாலு வருசமாச்சுங்கய்யா, ஒரு தகவலும் இல்ல. இதுல முத்தம்மாவுக்குப் பதில் வந்திருச்சு. அவங்க எந்த ஆபீசுல குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க, நாங்களும் அங்கேயே குடுத்திர்றோம்."

வாங்க வைக்கும் கேள்வியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று தடவை எழுதியது போதுமாக இருந்தது. வாங்கியவள் கேட்டதற்குத்தான் இன்றுவரை ஒரு வரியும் எழுத வரவில்லை.