பின்சீட்டுப் பாட்டு

எங்கள் டாக்சி ஸ்டாண்டில் ஞானவேலை யாருக்கும் பிடிக்காது. கொடைக்கானலில் இத்தனை வண்டி நிற்கிற இடத்தில் ஒருவன் வெட்கம் கெட்டவன் என்று பேர் வாங்க வேண்டுமானால் அதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும். அவன் உழைத்தே வாங்கினான். தன் அப்பன் சாவுக்கு எவன் காரணமோ அவனுக்கே வண்டி ஓட்டினான். சும்மா ஓட்டவில்லை. "வாங்கண்ணே" என்று சிரித்து, கதவைத் திறந்து பிடித்து, சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு ஓட்டினான். பார்க்கிற எங்களுக்குத்தான் வயிறு எரியும்.

அவனுக்கு ஊர் வில்பட்டி. அப்பா வேலப்பன் பூண்டு போட்டவர். அவர் வயலுக்குத் தண்ணீர் மேட்டிலிருக்கும் ஒரு ஊற்றிலிருந்து வந்தது. அந்த மேட்டு நிலத்தை திருமலைச்சாமி வாங்கினான். மலையில் எந்த இடம் கைமாறினாலும் அதில் அவன் விரல் இருக்கும், அப்பேர்ப்பட்ட நிலத்தரகன். வாங்கும்போது ஊர்க்காரர்கள் நாலு பேர் முன்னால் சூடம் அடித்து, "ஊத்து எப்பவும் போலப் பொதுதான்" என்று சத்தியம் செய்தான். மறு வருடமே ஊற்றைச் சுற்றித் தொட்டி கட்டினான், குழாய் போட்டுத் தன் காட்டேஜ்களுக்குத் தண்ணீரைத் திருப்பினான், தொட்டிக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினான்.

வேலப்பன் போய்க் கேட்டார், கெஞ்சினார், பிறகு கேட்பதை விட்டார். கீழே ஓடையிலிருந்து குடம் குடமாகத் தோளில் சுமந்து பூண்டுக்கு ஊற்றினார். அந்தச் சரிவில் வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். ஒரு நாள் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டுக்கு திருமலைச்சாமியும் மாலையோடு வந்தான்.

சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஊரில் சொன்னார்கள். ஞானவேல் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமிக்கு ஆயிரம் சோலி கெடக்கு. இது என் சோலி" என்றானாம். ஆனால் அவன் செய்தது என்ன? ஒரு பழைய ஏழு சீட்டு வண்டியை வாங்கினான், நேரே திருமலைச்சாமி வீட்டு வாசலில் போய் நின்று ஓட்டம் கேட்டான். திருமலைச்சாமிக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு உண்டா? "வேலப்பன் மகனுக்கே நாந்தேன் சோறு போடுறேன், பாத்துக்கங்க" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டான்.

ஞானவேலின் அம்மா கந்தம்மாள் அந்த வண்டியில் காலே வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் பஸ்தான். மகனுக்குச் சோறு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். அவள் சீறியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இனி அந்த வண்டியின் பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியோடு கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. மேலே சிடி போடும் வாய், கீழே கேசட் போடும் வாய், நடுவில் ஒரு குமிழ். நாங்களெல்லாம் தொடுதிரை, புளூடூத் என்று மாற்றிய பிறகும் அவன் மாற்றவில்லை. "என்னடா, கேசட்டுக்குக் கோயில் கட்டப்போறியா?" என்று கேலி செய்வோம். சிரித்துக்கொண்டு பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றுவான்.

அந்தக் குமிழைத் திருப்பினால் சத்தம் கூடும், குறையும். அது எல்லாருக்கும் தெரியும். அதையே உள்ளே அமுக்கினால் வேறு வேலை செய்யும். ஒரு அமுக்குக்கு கனத்த சத்தம், இன்னொரு அமுக்குக்கு மெல்லிய சத்தம், அதற்கும் அடுத்த அமுக்கில் முன் ஸ்பீக்கரா பின் ஸ்பீக்கரா என்று கேட்கும். அப்போது குமிழைக் கடைசிவரை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் பாட்டு மொத்தமும் பின்னால் போய்விடும். பின்சீட்டில் இருக்கிறவர் காதோரம் ஸ்பீக்கர் அலறும். முன்சீட்டு அமைதியாக இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு அவன் இதை என்னிடம் சொன்னபோது, அதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் கேட்டேன். தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடியைப் பெருமாள்மலையிலிருந்து ஏற்றி வந்தபோது தற்செயலாக இப்படித் திருப்பியிருக்கிறான். பின்னால் அந்த ஜோடி மாமியாரைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறது. அக்கம்பக்கம் தெரியக்கூடாத சண்டை. ஆனால் பாட்டை மீறி ஒருவருக்கொருவர் கேட்க வேண்டுமே, அதனால் கத்தியிருக்கிறார்கள். தங்கள் காதில் பாட்டு அலறுவதால் வண்டி முழுக்க அலறுகிறது என்று நினைப்பு. ஒரு சொல் விடாமல் முன்னால் இவனுக்குக் கேட்டிருக்கிறது.

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்று சொல்லி வைத்த பெரியவர்கள் டாக்சியில் போயிருக்க மாட்டார்கள். டாக்சியில் ஏறியவன் பக்கம் பார்ப்பான், பாட்டு ஓடுகிறதா என்று பார்ப்பான், டிரைவரை மட்டும் பார்க்க மாட்டான். எங்களை ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பொருத்திய சாமான் என்றே நினைப்பு. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எல்லா சவாரிகள் மேலும் கோபம் உண்டு.

அன்றைக்கே ஞானவேல் முடிவு செய்துவிட்டான். அதன் பிறகு திருமலைச்சாமி ஏறினால் பாட்டு பின்னால்தான். அதுவும் கேசட்தான். மலைப் பாதைக் குழியில் வண்டி இறங்கினால் சிடி தாவும், சட்டென்று நிற்கும். அந்த நேரத்தில் பின்னால் இருப்பவனுக்குத் தன் கத்தல் தன் காதிலேயே விழுந்துவிடும், சுதாரித்துக்கொள்வான். கேசட் எந்தக் குழிக்கும் அசையாது. ஒரே ஆபத்து, ஒரு பக்கம் முடிந்து மறு பக்கம் தானாகத் திரும்பும்போது வரும் இடைவெளி. அதற்கு முன்னாலேயே எதையாவது சாக்கிட்டுக் கேசட்டை மாற்றிவிடுவான்.

இப்படி ஆறு வருடம் கேட்டான். பகையை இவ்வளவு நாள் சூடு ஆறாமல் வைத்திருப்பது சாதாரணமில்லை. எனக்கெல்லாம் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். அவனுக்கு ஒவ்வொரு சவாரியும் விறகு. கேட்டதையெல்லாம் ஊருக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். "அதெல்லாம் சில்லறண்ணே. நாலு நாள் சிரிச்சிட்டு விட்டுருவாங்க. அவன் விழுந்தா எந்திரிக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றான். சொல்லும்போது அவன் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. எனக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது.

அந்த ஆறாவது வருடம்தான் அந்தச் செய்தி வந்தது. ஊற்று இருக்கிற அந்த மேட்டையே திருமலைச்சாமி விற்கப்போகிறான். வாங்குகிறவர் ஒரு பொள்ளாச்சிக்காரர், ரிசார்ட் கட்ட. அவர் வேலி போட்டுவிட்டால் பிறகு யாரிடம் போய் ஊற்றைக் கேட்பது? கந்தம்மாள் அன்றைக்குத்தான் மகனிடம் வாய் திறந்தாள். "உங்கப்பா சொமந்த தண்ணிய இனி எவனோ நீச்சல் குளத்துல விடப்போறான். நீயே கொண்டு போய் எறக்கி விடு" என்றாள். அவன் வண்டியைக் கழுவப் போய்விட்டான்.

பொள்ளாச்சிக்காரர் பழனியில் மொட்டை போட்டுச் சாமி கும்பிட்டுவிட்டுக் கொடைக்கானல் மலையேறுவதாக ஏற்பாடு. திருமலைச்சாமியும் அவன் கூட்டாளி செல்வமுருகனும் அடிவாரத்திலேயே காத்திருந்து அவரை ஞானவேல் வண்டியில் ஏற்றினார்கள். தலையில் சந்தனம், கையில் பஞ்சாமிர்தப் பை. "எனக்கு வளைவுன்னா கொமட்டுங்க, முன்னால உக்காந்துக்கிறேனுங்க" என்றார் அவர். ஞானவேல் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அப்புறம் குமிழை அமுக்கித் திருப்பினான். பின்சீட்டில் முருகன் பாட்டு முழங்கியது.

பத்துப் பன்னிரண்டு வளைவு ஏறும்வரை பின்னால் ஊர்க்கதைதான். பொள்ளாச்சிக்காரர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து செல்வமுருகன் ஆரம்பித்தான்.

"மாப்ள, கல்லப் பத்தி இந்தாளு கேட்டா?"

"எதுக்குக் கேக்குறான்? அதான் காட்டு எல்லைக் கல்லப் பிடுங்கி மேல நட்டாச்சுல்ல. பாதி இடம் சர்க்கார் காட்டுக்குள்ள கெடக்குன்னு கட்டடத்துக்கு வானம் தோண்டுறப்பத்தேன் தெரியும். அதுக்குள்ள நாம யாரு, அவன் யாரு."

பொள்ளாச்சிக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் எலுமிச்சம்பழம் மூக்கிலிருந்து மெல்ல மடிக்கு இறங்கியது. ஞானவேல் அதை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"சரி, ஊத்துத் தண்ணி எங்களுக்கும் உண்டுன்னு கீழ்வயக்காரன் எவனாச்சும் வந்து நின்னா?"

திருமலைச்சாமி சிரித்தான். "கேட்டவன் செத்துட்டான். அவன் மகன்தேன் நமக்கு வண்டி ஓட்டுறான்."

இப்போது பொள்ளாச்சிக்காரர் கண்ணைத் திறந்தார். தலையைத் திருப்பி ஞானவேலைப் பார்த்தார். ஞானவேல் ரோட்டைப் பார்த்தான். அந்த வளைவில் வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியதாக என்னிடம் சொன்னான். "மொட்டக்காரரு பாவம்னு விட்டேண்ணே" என்றான். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

கேசட்டின் இந்தப் பக்கத்தில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக அவன் மாற்றிவிடுகிற இடம். இந்த முறை கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. பாட்டு முடிந்தது. பெட்டிக்குள் டொக்கென்று ஒரு சத்தம். அந்த அமைதிக்குள் திருமலைச்சாமியின் குரல் சந்தையில் ஏலம் விடுகிறவன் குரலாக வந்து விழுந்தது:

"இந்த மொட்டைக்கு என்ன எளவு தெரியப்போகுது!"

மறு பக்கம் பாட ஆரம்பித்தது. யாரும் கேட்கவில்லை. "வண்டிய நிறுத்துங்க தம்பி" என்றார் பொள்ளாச்சிக்காரர். வாந்திதான் என்று பின்னால் இருவரும் தண்ணீர் பாட்டிலோடு ஓடி இறங்கினார்கள். அவர் வாந்தி எடுக்கவில்லை. பஞ்சாமிர்தப் பையை எடுத்துக்கொண்டு, "எல்லைக் கல்லு எனக்கும் கேட்டுச்சுங்க" என்றார். எதிரே இறங்கி வந்த பழனி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். செல்வமுருகன் அவரைச் சமாதானப்படுத்துகிறேன் என்று அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். போகிற போக்கில் எல்லாவற்றையும் திருமலைச்சாமி தலையில் கட்டிவிட்டுத் தான் தப்பிக்கத்தான் என்பது எனக்கே தெரியும்போது, திருமலைச்சாமிக்குத் தெரியாதா?

அவன் தளர்ந்துபோய் வந்து முன்சீட்டில் விழுந்தான். வண்டி கிளம்பியது. பிறகு, "இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம்டா. காலண்டர்ல பாத்தும் கெளம்பி வந்தேன் பாரு. சரியா அந்த நேரம் பாத்தா அந்தச் சனியன் கேசட்டு திரும்பணும்?" என்றான்.

ஞானவேலுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடம் அவன் காத்தது சந்திராஷ்டமத்தின் கணக்கில் போகிறது. இவன் வீட்டுக்குப் போவான், ஒரு பரிகாரம் செய்வான், நிம்மதியாகத் தூங்குவான். அடித்தது யார் என்று தெரியாமல் விழுந்தால் அதற்குப் பேர் பழியா? அதற்குப் பேர் விபத்து.

சவரிக்காட்டுக்கு மேலே ஒரு ஓரமாக வண்டியை நிறுத்தினான். பாட்டுச் சத்தத்தை இன்னும் ஏற்றினான். இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, திருமலைச்சாமி எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதுடா. எதுக்கு இந்தக் கத்துக் கத்துற?"

"நீங்களும் இப்படித்தாண்ணே கத்துனீங்க. ஆறு வருசமா."

திருமலைச்சாமி திரும்பவில்லை. அவன் பிடரி மட்டும் தெரிந்தது. அது மெல்லக் கறுத்துச் சிவந்தது என்று ஞானவேல் சொன்னான்.

"செல்வமுருகன் கூட வரையில உங்க மச்சானப் பத்திப் பேசுனீங்க. மச்சான் கூட வரையில செல்வமுருகனப் பத்தி. சம்பந்தி வீட்டுக்குப் போகையில சம்பந்தியப் பத்தி. போன தை மாசம் பெரும்பாறை போகையில உங்க அக்கா பங்க எப்படி ஏமாத்துனீங்கன்னு போன்ல சொன்னீங்க. எல்லாம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இன்னும் யாருக்கும் சொல்லல."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. முன்னால் இருந்தவன் இடுப்பைத் தடவிச் சாவிக்கொத்தை எடுத்தான். அதிலிருந்து ஒரு சாவியைக் கழற்ற அவனுக்கு வெகு நேரம் ஆனது.

"இந்தாடா, தொட்டிச் சாவி. ஊத்த நீயே வச்சுக்க. எழுதியும் தந்துர்றேன். இதோட விட்டுரு."

ஞானவேல் இறங்கி முன்னால் வந்தான். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். வண்டியைக் கிளப்பினான். குமிழைப் பழையபடி நடுவில் வைத்தான். இப்போது பாட்டு இருவருக்கும் சமமாகக் கேட்டது. வண்டி பெருமாள்மலை தாண்டியது. பிறகு எப்போதும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி கொண்டாரட்டும்ணே?"

"இனி நீ வர வேணாம்டா."

"வரலேன்னா ஸ்டாண்டுல ஏன்னு கேப்பாங்கண்ணே. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல."

திருமலைச்சாமி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வீடு வந்து, ஞானவேல் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தபோதும் அவன் இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"காலையில வெள்ளனே வா" என்றான்.