நான் அழித்த ஓட்டோ

ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கள் தொடர்மாடியின் காவலாளி கீழே இருந்து போன் எடுத்து, என்னைத் தேடி ஒரு ஓட்டோக்காரர் வந்து நிற்கிறார் என்றார். நான் ஓட்டோ கூப்பிடவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடேயே இறங்கிப் போனேன்.

ஆளை எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைக்காரர். தினமும் காலையில் வெள்ளவத்தைக்கு வந்து, எங்கள் சின்ன ஒழுங்கை காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும் மூலையில் ஓட்டோவை நிறுத்தி வைத்திருப்பார். பொரளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அவரைத்தான் பிடிப்பேன். அன்று முகம் சரியில்லை. போனை என் முன்னால் நீட்டினார். அதில் என் வலைப்பூ திறந்து கிடந்தது.

"அக்கா, இது நீங்கள் எடுத்த படம்தானே?"

"ஓம். அதுக்கென்ன?"

"இதில நான் எங்க?"

அந்த மூலையில் முன்பு இருந்த பழைய ஹாட்வெயர் கடையின் படம் அது. கடையை இடித்துவிட்டு இப்போது பெரிய தொடர்மாடி ஒன்று கட்டிவிட்டார்கள். இடிப்பதற்கு முந்தின கிழமை நான் எடுத்த படம். பச்சைக் கதவுகள் பளிச்சென்று தெரியும். முன்னால் வீதி துடைத்து வைத்த மாதிரிக் காலியாக இருக்கும்.

"நாலு வருஷமா அந்த இடத்திலதான் நிக்கிறன். ஊருக்கே தெரியும். உங்கட படத்தில மட்டும் நான் இல்லை."

இல்லைதான். நான்தான் அவரை அழித்தேன்.

இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு படத் திருத்த மென்பொருளை நான் பல வருஷமாகப் பாவிக்கிறேன். காசு கொடுத்து வாங்குவதுதான் நல்லது என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எழுதுகிறவளுக்குப் படத்தை வெட்டவும், வெளிச்சம் கூட்டவும், மேலே தலைப்புப் போடவும் இது காணும். ஆரம்பத்தில் பெரிய கரைச்சல்தான். எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியாமல் கணினியைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். பிறகு அழிக்கப் பழகினேன். படத்தில் உள்ள சுவரில் ஒரு துண்டைப் பிரதி எடுத்து, மின்கம்பியின் மேல் பூசினால் கம்பி போய்விடும். அந்த ருசி பிடித்த பிறகு நான் நிற்கவில்லை. கம்பி, காகம், கிழிந்த போஸ்டர், குப்பைப் பை, எல்லாம் போனது. கடைக்கு முன்னால் நின்ற மூன்று ஓட்டோக்களும் அப்படித்தான் போயின.

அவர் விஷயத்தைச் சொன்னார். புதுத் தொடர்மாடிக்காரர், கட்டடம் வந்த பிறகுதான் இந்த ஓட்டோக்காரர்கள் வந்து வாசலை அடைக்கிறார்கள் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள்.

"செவ்வாய்க்கிழமை மாநகரசபைக் கந்தோர் ஆக்கள் வருகினம். கடை இருந்த காலத்திலயே நாங்கள் நிண்டதெண்டு காட்டினா இடம் தருவினம். இல்லாட்டி மூண்டு பேரும் எழும்ப வேண்டியதுதான். உங்கட படத்தில இருக்கும் எண்டு நம்பி வந்தனான்."

கடையும் அவருடைய ஓட்டோவும் ஒன்றாகத் தெரியும் ஒரே படத்தை நான் எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டு அவரைத் துடைத்திருக்கிறேன். போனில் தேடினேன். இடம் போதாமல் பழைய படங்களை எப்போதோ அழித்துவிட்டேன்.

"அழிச்சுப் போட்டன்," என்றேன்.

"படத்தையோ, என்னையோ?"

"ரெண்டையும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதுதான் என்னைச் சுட்டது.

மேலே போய் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து காவலாளியின் மேசையில் வைத்தேன். திருத்திய படத்தை வலைப்பூவில் போடுவதற்கு முன், வேலை செய்த கோப்பையும் நான் தனியாகச் சேமித்து வைப்பதுண்டு. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். ஆரம்ப காலத்தில் படத்தின் மேலேயே நேராகப் பூசுவேன். பூசினால் கீழே இருந்தது போனது போனதுதான். பிறகு ஒரு வீடியோ பார்த்துத்தான் சரியான முறையைப் படித்தேன்: படத்தைத் தொடாமல் கீழே விட்டு, அதன் மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு வெறும் அடுக்கு வைத்து, அதில் பூசவேண்டும். கடைப் படம் எந்தக் காலத்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

அந்த மென்பொருள் திறக்கும்போது கணினியில் உள்ள எழுத்துருக்களை எல்லாம் தேடிக்கொண்டு கிடக்கும். அன்று அதைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோப்பு திறந்தது. பக்கத்தில் இரண்டு அடுக்குகள் தெரிந்தன. மேல் அடுக்கை மறைக்க, அதன் பக்கத்தில் இருந்த கண் அடையாளத்தை அமத்தினேன்.

வீதி நிரம்பியது. மூன்று ஓட்டோக்கள், பின்னால் பச்சைக் கதவுகள். முன்னால் நின்றது அவருடையது. பெருப்பித்துப் பார்த்தேன், நம்பர் தெளிவாக இருந்தது. பின் சீட்டில் ஒருவர் படுத்திருந்தார். இரண்டு வெறுங்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

காவலாளிதான் முதலில் சிரித்தார்.

"அது நான்தான்," என்றார் ஓட்டோக்காரர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, கால் ரெண்டையும் மட்டும் அழிக்க ஏலுமோ?"

"ஏலாது!"

"ஒரு செருப்பாவது போட்டு விடுங்கோவன்."

"காலில கை வைச்சது தெரிஞ்சா நம்பரையும் நம்ப மாட்டாங்கள். காலோடயே கொண்டு போங்கோ!"

திங்கட்கிழமை அதைப் பெரிதாக அச்செடுத்தோம். படம் கொஞ்சம் சரிந்திருந்தது, வெளிச்சமும் போதாது, குறுக்கே ஒரு கம்பி. கை துறுதுறுத்தது. ஒன்றையும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் போய் நின்றேன். அதிகாரி படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், பிறகு கால்களைப் பார்த்தார். "இந்த மனுஷன் ஓட்டோ ஓடுறதா, நித்திரை கொள்ளுறதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எங்கள் ஆளும் சிங்களத்திலேயே சொன்னார்: "மஹத்தயா, நேற்று வந்தவன் இப்பிடிக் காலை நீட்டிப் படுப்பானா?"

அதிகாரி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நம்பரை எழுதினார். புதுத் தொடர்மாடியின் வாசலை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மூன்று ஓட்டோக்களுக்கும் இடம் கிடைத்தது.

அன்றிரவே வலைப்பூவில் பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். முந்தியதுதான் துப்புரவாக இருந்தது என்று ஒரு வாசகர் எழுதினார். அங்கே ஆட்கள் நின்றார்கள், உங்களுக்கு வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன். அவர் அதற்குப் பிறகு வருவதில்லை. எனக்குக் கவலையும் இல்லை.

போன கிழமை அந்த ஓட்டோவில் ஏறினேன். அச்செடுத்த படத்தை லெமினேட் பண்ணி, தன் சீட்டுக்குப் பின்னால், ஏறுகிற எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டியிருந்தார். வெயிலில் நிறம் மங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கழட்டித் தாங்கோ. நிறத்தை மட்டும் சரி பண்ணி, வேற ஒண்டு அடிச்சுத் தாறன்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் பேசாம இருங்கோ அக்கா," என்றார்.