நந்தியாவட்டையில் நீலக் கண்கள்

செம்மண்டலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் இருந்த நந்தியாவட்டையில் தினமும் சாமிக்குப் பூப்பறிப்பது என் கணவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை வெறுங்கூடையோடு ஓடிவந்தார்.

"செடியில பாம்புக்குட்டி இருக்கு!"

போய்ப் பார்த்தேன். விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. இலையைத் தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்தை உப்பவைத்தது. அங்கே இரண்டு நீலக் கண்கள்.

"அது கண்ணு இல்லீங்க, வெறும் புள்ளி. சும்மா பயமுறுத்துது."

"புள்ளியா? மொறைக்குது பாரு!"

அதற்கு மேல் அவரிடம் பேச முடியுமா? செடியடியில் கிண்ணத்தில் பால் வைத்துக் கற்பூரமும் காட்டினார். பூப்பறிக்க யாருக்கும் அனுமதியில்லை. பாலைப் பூனை குடித்தது. இலைகளைப் புழு தின்று தீர்த்தது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு புழு பழுப்பாகி, கீழே இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவானது. சில வாரம் கழித்து, பாசிப்பச்சை நிறத்தில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வாசல் கேட்டில் ஒட்டியிருந்தது.

"நாகம்மாவுக்கு ரெக்க மொளச்சிடுச்சு" என்று கும்பிட்டார். நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

இப்போது அவர் இல்லை. நான் சிதம்பரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாடித் தொட்டியில் ஒரு நந்தியாவட்டை வளர்க்கிறேன். நேற்று பாதி இலைகளைக் காணோம். மருமகள் பூச்சிமருந்தோடு வந்தாள்.

"அடிச்சிடவா அத்தை?"

அவள் கிளையை அசைத்ததும் அந்த நீலக் கண்கள் விரிந்தன.

"வேணாம்மா," என்றேன். "மொறைக்குது பாரு."