பிரேக்கிலிருந்து கால் எடுக்காதவன்

என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதிலிருந்து அவன் கால் எடுத்ததே இல்லை. பஸ்ஸில் போனாலும் வெறும் தரையை அழுத்துவான். தெருவில் எல்லோருக்கும் அவன் ‘பிரேக்கு’தான். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

தொற்று பரவி ஊரடங்கு போட்டதும் அவனுடைய பயிற்சிப் பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். அண்ணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். போர்வையும் தலையணை உறையும் முன்னைவிட மலைமலையாக வந்து குவிந்தன. அவள் தினமும் ஸ்கூட்டரில் கிளம்பிப் போனாள். இவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து, மாடியில் குடியிருக்கும் எங்களையும் விடாமல் நெற்றியில் சுட்டான். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினான். சிரித்தோம். பிறகு தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. தூக்கம் போனது. அண்ணி தொண்டையைக் கனைத்தால் போதும், முகம் வெளுத்துவிடும். டிவியில் ஓயாமல் சாவுச் செய்தி பார்க்கிறான், அதனால்தான் என்று அதை அணைத்துப் பார்த்தோம். அது இன்னும் வம்பாகிவிட்டது. இப்போது பக்கத்து வீட்டு இருமலும் கேட்டது.

ஒருநாள் காலையில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அண்ணி உதைத்து உதைத்துக் களைத்துப்போனாள். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரிப்பேர் போல. இன்னைக்கு லீவு போட்டுடேன்.”

அண்ணி அவன் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கரி. சட்டைப் பையில் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக் இருந்தது.

நான் மாடிப்படியில் நின்றபடியே கத்தித் தீர்த்தேன். அவளுக்கு வேலை போனால் யார் சோறு போடுவார்கள் என்றெல்லாம் கேட்டேன். அண்ணி கத்தவில்லை.

“ஆஸ்பத்திரியில எங்களுக்கு ரூம் குடுக்குறாங்க. நான் அங்கயே தங்கிக்கிறேன். என்னைப் பாத்து பாத்துத்தான் நீங்க இப்படி ஆயிட்டீங்க,” என்றாள்.

“போயிடாத,” என்றான். சின்னப் பிள்ளை மாதிரி சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்ப அந்த டாக்டரம்மாகிட்ட பேசுங்க.”

ஊழியர்களின் குடும்பத்துக்காக மருத்துவமனையில் ஒரு மனநல டாக்டரைப் போனில் பேச வைத்திருந்தார்கள். இரண்டு வாரமாக அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று இவன் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு வேறு வழியில்லை. அண்ணியே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை நடுவில் வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். பயமே கிடையாது. இவங்கதான் சும்மா பதறுறாங்க,” என்றான் அண்ணன்.

அண்ணி குறுக்கே புகுந்தாள். “காரு ஓட்டக் கத்துக்க வந்து, எனக்குப் பயமே கிடையாதுன்னு ஒருத்தர் சொன்னா, அவரை மெயின் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?”

“போக மாட்டேன். மைதானத்துலயே சுத்தவிடுவேன்,” என்றான், யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டான். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

“கடைசியா ஒருத்தருக்குக் கத்துக்குடுத்தேன் டாக்டர். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. புதுக் காரு வாங்கிட்டுத்தான் வந்தாரு. அந்த வாரம் எனக்குச் சளி. கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு ஏசிலயே சுத்தினோம். அடுத்த மாசமே அவரு இந்த நோயில போயிட்டாரு. நான்தான் குடுத்துட்டேன். இப்ப இவளுக்கும் குடுத்துடுவேன். இவ அத ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போயிடுவாளோன்னுதான் பிளக்கக் கழட்டினேன்.”

இவ்வளவு நாளும் அண்ணி நோயைக் கொண்டுவந்துவிடுவாள் என்று பயந்து சாகிறான் என்றே நினைத்திருந்தோம். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யார் மூலம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அவன் சரியாகிவிடவில்லை. மாத்திரை வந்தது, வாரம் ஒருமுறை பேச்சு, செய்தி பார்க்க ஒரு வேளை மட்டும். அவன் பிளக்கை மாட்டிக்கொடுத்தான், அண்ணி வேலைக்குப் போனாள். தட்டு மெல்ல மெல்லக் காலியாக ஆரம்பித்தது.

கொஞ்சம் தேறியதும் அந்த பேங்க்காரரின் மனைவிக்குப் போன் செய்தான். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் செய்தான். துக்கம் விசாரித்தான். பிறகு சொன்னான்:

“அந்த வாரம் எனக்குச் சளி இருந்துச்சும்மா.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“எனக்கும் காய்ச்சல் இருந்துச்சுங்க,” என்றது அந்தக் குரல். “அவரு பக்கத்துலதான் படுத்திருந்தேன். பசங்ககிட்ட கூட இதச் சொல்லல.”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டான். பிறகு டாக்டரின் நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.